யூரோடைனமிக் டெஸ்ட்: ஒரு தடவை போதுமா, திரும்பவும் எடுக்க வேண்டுமா?

சிறுநீர் போகும் வழியில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் யூரோடைனமிக் டெஸ்ட்டின் இரண்டு ரிப்போர்ட் எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டும் அப்பாவுடையவை. முதல் ரிப்போர்ட்டில் 44, "அடைப்பு உண்டு" என்று எழுதியிருக்கிறது. ஒன்பது வாரம் கழித்து வேறு ஊரில் எடுத்த இரண்டாவதில் 32, "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று இருக்கிறது. இடையில் மாத்திரை மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, அப்பாவின் தொந்தரவும் மாறவில்லை. இரவில் நான்கு தடவை எழுந்தவர் இப்போதும் நான்கு தடவைதான் எழுகிறார்.

"எது சரி? மூணாவது தடவையும் டியூப் போட்டுக்கணுமா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பிராஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று யோசிக்கும் பல வீடுகளில் இதே கேள்வி வரும். நான் டாக்டர் இல்லை. முடிவை உங்கள் யூராலஜிஸ்டோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது.

முதலில் இந்த டெஸ்ட் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் மெல்லிசாகப் போவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். வீங்கிய பிராஸ்டேட் வழியை நெருக்கலாம். அல்லது சிறுநீர்ப்பையின் தசையே தளர்ந்துபோயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நெருக்கல் இருந்தால் ஆபரேஷன் பலன் தரும். தசை தளர்ச்சி மட்டும்தான் என்றால் ஆபரேஷன் செய்தும் பெரிய மாற்றம் வராமல் போகலாம். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை நோய் சிறுநீர்ப்பையின் நரம்புகளையும் பாதிக்கும் என்பதால்தான் டாக்டர் இந்த டெஸ்ட்டை எழுதிக் கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெஸ்ட்டில் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய டியூப், மலக்குடலில் இன்னொன்று. உப்புத் தண்ணீரை மெதுவாக ஏற்றி, நிறைந்ததும் சிறுநீர் போகச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை அழுத்தத்திலிருந்து வயிற்றின் அழுத்தத்தைக் கழித்தால், தசை மட்டும் கொடுக்கும் அழுத்தம் கிடைக்கும். சிறுநீர் ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது அந்த அழுத்தம் எத்தனை செ.மீ. நீர்மட்டம் என்று பார்த்து, அதிலிருந்து ஓட்டத்தின் வேகத்தை இரண்டால் பெருக்கிக் கழிப்பார்கள். வருகிற எண் 40க்கு மேல் என்றால் அடைப்பு உண்டு. 20க்குக் கீழ் என்றால் இல்லை. நடுவில் இருந்தால் சொல்ல முடியாது. 1979இல் ஏப்ராம்ஸ், கிரிஃபித்ஸ் என்ற இருவர் போட்ட வரைபடம்தான் இதன் அடிப்படை. பின்னர் சிறுநீர்க் கோளாறு நிபுணர்களின் அமைப்பான சர்வதேச கான்டினன்ஸ் சங்கம் அதை எல்லோருக்கும் பொதுவான அளவுகோலாக்கியது.

அப்பாவின் கணக்கு இது. முதல் டெஸ்ட்டில் அழுத்தம் 66, ஓட்டம் நொடிக்கு 11 மில்லி. 66இல் 22 போனால் 44. இரண்டாவது இடத்தில் ஒரே உட்காரலில் இரண்டு தடவை நிரப்பிப் போகச் சொன்னார்கள். முதல் தடவை அழுத்தம் 60, ஓட்டம் 11, ஆக 38. அடுத்த தடவை 56, 12, ஆக 32. ரிப்போர்ட்டில் கடைசி எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். 38 என்ற எண்ணை கிராஃபைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தோம். முதல் இடத்தில் கிராஃபே தரவில்லை. இரண்டு முறை நேரில் போய்க் கேட்ட பிறகுதான் ஒரு நகல் கிடைத்தது. பணம் கட்டி, வலியைத் தாங்கி எடுத்த டெஸ்ட்டின் படத்தைத் தர ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயம் குறைந்துவிடும். அழுத்தத்தில் 10 செ.மீ., ஓட்டத்தில் ஒரே ஒரு மில்லி, அவ்வளவுதான் மொத்த வித்தியாசம். ஆனால் ஓட்டம் இரண்டால் பெருக்கப்படுவதால் அந்த ஒரு மில்லி 2 புள்ளியாகிவிடுகிறது. மொத்தம் 12 புள்ளி. 40 என்ற கோடு நடுவில் வந்ததால் "உண்டு" என்பது "தெரியவில்லை" ஆகிவிட்டது. 75இல் தொடங்கி 63க்கு வந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

1990களில் நெதர்லாந்தின் நைமேகனிலும் வேறு சில இடங்களிலும் பிராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இந்த டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். அவற்றிலிருந்து தெளிவானது இது: ஒரே ஆளிடம், எந்தச் சிகிச்சையும் மாறாமல், அழுத்தம் சுமார் 10 முதல் 15 செ.மீ. வரை ஏறி இறங்குவது சகஜம். ஓட்டம் ஒன்றிரண்டு மில்லி மாறும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சாய்வும் உண்டு. அதே உட்காரலில் இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போது அழுத்தம் சற்றுக் குறைவாகவே பதிவாகும். அதாவது முதல் தடவை அடைப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். டியூப் புதிது, இடம் புதிது, பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், ஆள் இறுகிப்போயிருப்பார். ஒரு தடவை போன பிறகு வழியும் மனசும் கொஞ்சம் இளகுகிறது. அப்பாவின் 38, 32 இரண்டும் அப்படியே இதற்குப் பொருந்துகின்றன.

இன்னொன்றையும் அந்த ஆய்வுகள் காட்டின. வகை மாறியவர்களில் பெரும்பாலோர் பக்கத்து வகைக்குத்தான் மாறினார்கள். "அடைப்பு" என்றிருந்தவர் "தெரியவில்லை" ஆவார். அடைப்பிலிருந்து ஒரேயடியாக "இல்லவே இல்லை" என்பதற்குத் தாவுவது அபூர்வம். அப்படித் தாவினால் உடம்பைச் சந்தேகப்படுவதற்கு முன் டெஸ்ட் எடுத்த விதத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

சரி, இப்போது நம் முன்னால் உள்ள வழிகள்.

டியூப் இல்லாமலே முடிவெடுப்பது

யூரோஃப்ளோ என்று ஒன்று உண்டு. புனலில் சாதாரணமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். வலி இல்லை, செலவும் குறைவு, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கவும் வேண்டும். ஒரு தடவை எடுத்த யூரோஃப்ளோவை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 150 மில்லிக்குக் குறைவாகப் போயிருந்தால் அந்த அளவையே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மிச்சம் நிற்கும் அளவு, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாறும். அப்பாவுக்கு ஒரே வாரத்தில் 90, 190 என்று வந்தது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வேகம் 10 மில்லிக்குக் கீழ் இருப்பவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குத்தான் உண்மையிலேயே அடைப்பு இருக்கும். அடைப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 10க்கு மேலேயே போவார்கள், இந்த வலையில் சிக்கவே மாட்டார்கள். அப்பாவுக்கு 11, 13 என்று வந்ததால் இது எங்களுக்குப் பதில் சொல்லவில்லை.

அப்படியென்றால் எல்லோருக்கும் டியூப் டெஸ்ட் வேண்டுமா? வேண்டாம் என்றுதான் இங்கிலாந்தில் நடந்த அப்ஸ்ட்ரீம் ஆய்வு சொல்கிறது. 26 மருத்துவமனைகளில் 820 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு யூரோடைனமிக் டெஸ்ட்டும் சேர்த்து, மறுபாதிக்கு வழக்கமான சோதனைகள் மட்டும். 18 மாதம் கழித்துப் பார்த்தால் தொந்தரவின் அளவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டெஸ்ட் எடுத்த பக்கத்தில் 38 சதவீதம், எடுக்காத பக்கத்தில் 36 சதவீதம். டெஸ்ட் எடுத்தால் தேவையில்லாத ஆபரேஷன் குறையும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. 2020இல் இது வெளிவந்தது. அந்த 820 பேரும் சிக்கலில்லாத சாதாரண நோயாளிகள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டியும் ஆபரேஷனுக்கு முன் சிலருக்கு மட்டும்தான் இந்த டெஸ்ட்டைச் சொல்கிறது. ஒரே தடவையில் 150 மில்லி போக முடியாதவர்கள், மிச்சம் 300 மில்லிக்கு மேல் நிற்பவர்கள், 50 வயதுக்குக் கீழோ 80 வயதுக்கு மேலோ இருப்பவர்கள், ஏற்கெனவே ஆபரேஷன் செய்து பலன் இல்லாதவர்கள், வேகம் 10க்கு மேல் இருந்தும் ஆபரேஷனை யோசிப்பவர்கள். அப்பா கடைசி வகை. நீங்கள் இதில் எதிலும் இல்லை, வேகம் 6, பிராஸ்டேட் பெரிசு, மாத்திரையும் கேட்கவில்லை என்றால், டெஸ்ட்டைத் திரும்ப எடுப்பது இருக்கட்டும், முதல் டெஸ்ட்டே தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே தடவை எடுத்து அதை நம்புவது

எண் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தால் இதுதான் சரி. 70 வந்தவருக்கு நாளைக்கு 60 வரலாம், 80 வரலாம். மூன்றுமே அடைப்புதான். 5 வந்தவருக்கும் அப்படியே. சர்வதேச கான்டினன்ஸ் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையும், டெஸ்ட் பிழையில்லாமல் நடந்து கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் திரும்ப எடுக்கத் தேவையில்லை என்கிறது.

"பிழையில்லாமல்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்துப்போனது இந்தப் பகுதிதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். டெஸ்ட் நடக்கும்போது அவ்வப்போது இருமச் சொல்வார்கள். இருமினால் சிறுநீர்ப்பை டியூபிலும் மலக்குடல் டியூபிலும் ஒரே உயரத்துக்குக் கோடு துள்ள வேண்டும். இரண்டையும் கழித்து வரும் மூன்றாவது கோடு ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். ஒன்று துள்ளி மற்றது துள்ளாவிட்டால் டியூபில் காற்றுக் குமிழி இருக்கலாம், அல்லது இடம் நகர்ந்திருக்கலாம். போவதற்கு முன்னும் பின்னும் இந்த இருமல் சோதனை இருக்கிறதா என்று கிராஃபில் பார்த்துவிடலாம், அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

அழுத்தத்தை அளக்கும் கருவி இடுப்பெலும்பின் முன்பக்க மூட்டின் மேல் விளிம்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்திருந்து எழுந்து நின்று போனால் கருவியையும் உயர்த்த வேண்டும். இரண்டு கருவியும் சேர்ந்தே தப்பான உயரத்தில் இருந்தால் கழித்தலில் பிழை அடிபட்டுப் போகும். ஒன்று மட்டும் 10 செ.மீ. இறங்கியிருந்தால் நேராக 10 புள்ளி பிழை. எங்கள் வீட்டுக் குழப்பம் மொத்தமே 12 புள்ளிதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், ஓட்டத்தின் உச்சம். போகும்போது தாரை புனலில் அங்கும் இங்கும் அலைந்தால் கிராஃபில் திடீர்க் கூர்முனை ஒன்று வரும். மெஷின் அதையே உச்சம் என்று எடுத்துக்கொள்ளும். 11 என்பது 15 ஆகிவிடும், எண்ணில் 8 புள்ளி குறைந்துவிடும். மனிதக் கண் பார்த்து அந்த முனையைத் தள்ளிவிட்டுத் திருத்த வேண்டும். மெஷின் அச்சடித்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றும் இடங்களும் இருக்கின்றன. "இந்த எண்ணை மெஷின் போட்டதா, நீங்கள் கிராஃபைப் பார்த்துப் போட்டதா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல இடத்தில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே உட்காரலில் இரண்டு தடவை

என் கணக்கில் இதுதான் மிகச் சிறந்த பேரம். டியூப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வலியின் பெரும்பகுதி அதைப் போடுவதில்தான். இன்னும் அரை மணி நேரம் பொறுத்தால் இரண்டாவது அளவு கிடைத்துவிடும். முதல் தடவை கூச்சத்தில் போகவே முடியாதவர்களுக்கும், வயிற்றை முக்கிப் போனவர்களுக்கும் இது கட்டாயம் வேண்டும். ஆளைத் தனியாக விட்டு, நின்று போகும் பழக்கம் உள்ளவரை நிற்க வைத்து, கதவைச் சாத்தி எடுத்தாலே அளவு நம்பும்படியாக இருக்கும். அப்பாவுக்கு முதல் இடத்தில் கதவு பாதி திறந்திருந்ததாம். அதை அவர் எங்களிடம் சொல்லவே இரண்டு மாதம் ஆனது.

ஆனால் இரண்டு எண் வந்தால் எதை எடுத்துக்கொள்வது? இரண்டாவது தடவை குறைவாகத்தான் வரும் என்று தெரிந்த பிறகு, கடைசி எண்ணை மட்டும் எழுதி முதலாவதை மறைப்பது நியாயமில்லை. முதலாவது மட்டும்தான் உண்மை என்பதும் இல்லை. பிழையில்லாத இரண்டு அளவு என்றால் இரண்டையும் எழுதி, "32க்கும் 38க்கும் நடுவில்" என்று சொல்வதே நேர்மை. 20 முதல் 40 வரை என்ற நடு வகைக்கு அர்த்தமும் அதுதான். இந்த டெஸ்ட்டால் இதற்கு மேல் பிரித்துச் சொல்ல முடியாத மனிதர்கள் இருக்கிறார்கள்.

நிரப்பும்போது சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கி அவசரம் வருகிறதா என்பதையும் இதில் பார்ப்பார்கள். அதுவும் இரண்டாவது நிரப்பலில் மறைந்துபோகலாம். முதல் தடவை தெரிந்து இரண்டாவது தடவை தெரியாவிட்டால் "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகும் அவசரம் தொடருமா என்ற கேள்வி அதில் இருக்கிறது.

இன்னொரு நாள் திரும்ப எடுப்பது

நாங்கள் செய்தது இதுதான். அவசியமா என்று இப்போது கேட்டால் இல்லை என்றே சொல்வேன். ஒவ்வொரு தடவையும் டியூப் போடும்போது எரிச்சல், சில துளி ரத்தம், சிலருக்குக் கிருமித் தொற்று, அபூர்வமாகச் சிறுநீர் அடியோடு நின்றுபோவது எல்லாம் உண்டு. அப்பாவுக்கு இரண்டாவது தடவைக்குப் பிறகு மூன்று நாள் காய்ச்சல். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று இன்னும் கவலைக்குரியது. சிறுநீரில் ஏற்கெனவே கிருமி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் டெஸ்ட்டுக்கே போக வேண்டும்.

வேறு நாள் எடுக்க நியாயமான காரணங்கள் எனக்குத் தெரிந்து இவை: முதல் கிராஃபில் பிழை தெளிவாகத் தெரிகிறது. அன்று ஆளால் போகவே முடியவில்லை. டியூப் நடுவில் நழுவிவிட்டது. அல்லது இடையில் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது, பக்கவாதம் வந்தது, ஆபரேஷன் நடந்தது, பிராஸ்டேட்டைச் சுருக்கும் மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டாயிற்று என்பது போல. "எண் பிடிக்கவில்லை, இன்னொன்று பார்ப்போம்" என்பது காரணமாகாது. முதல் எண் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தால், அடுத்தது கீழே வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதன் பின் மூன்றாவதைத் தேடி ஓட வேண்டியதுதான்.

அப்படிப் போவதானால் டெஸ்ட்டைச் சமமாகவாவது வையுங்கள். அதே மாத்திரை, நின்றோ உட்கார்ந்தோ அதே நிலை, ஏறக்குறைய அதே அளவு நிரப்பல். சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையை நிறுத்திவிட்டு எடுத்த எண்ணையும் சாப்பிட்டுக்கொண்டே எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

டியூபுக்குப் பதில் ஸ்கேனில் பிராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். தனியாகத் தீர்ப்புச் சொல்லாது, ஆனால் நடு வகையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு பக்கம் சாய்க்க உதவும். இன்னொரு முறை டியூப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்னதுக்கு வருகிறேன். அப்பாவுக்கு டெஸ்ட் எழுதியதே "சர்க்கரையால் தசை தளர்ந்துவிட்டதா?" என்று பார்க்கத்தான். அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. அதே அழுத்தத்தோடு ஓட்டத்தை ஐந்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 100க்குக் கீழ் என்றால் தளர்ச்சி, 100 முதல் 150 வரை சரியான பலம். அப்பாவுக்கு மூன்று தடவையும் 121, 115, 116. மூன்றும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன: தசை தளரவில்லை. நாங்கள் கேட்டுப் போன கேள்விக்கு முதல் நாளே பதில் வந்துவிட்டது. 44, 32 என்ற இன்னோர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வாரமும் ஒரு காய்ச்சலும் போய்விட்டன.

இரண்டாவது இடத்து டாக்டர் மூன்று கிராஃபையும் மேசையில் பரப்பி வைத்துப் பேசினார். "லேசான அடைப்பு. 80, 90 வந்தவருக்கு உறுதி சொல்வது போல உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் தசை நன்றாக இருக்கிறது, ஸ்கேனில் நீட்டல் 12 மில்லிமீட்டர், மாத்திரை ஒன்றரை வருடமாகக் கேட்கவில்லை. உங்களுக்குத் தொந்தரவு எவ்வளவு என்பதுதான் மிச்சக் கேள்வி" என்றார். தொந்தரவை அளக்கும் ஐபிஎஸ்எஸ் கேள்வித்தாளில் 35க்கு அப்பாவுக்கு 21. கடுமை என்ற வகை 20இல் தொடங்குகிறது. அந்தக் கோட்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வித்தாளின் கடைசியில், இப்படியே மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அப்பா அதில் யோசிக்காமல் "மிகவும் கஷ்டம்" என்பதை டிக் செய்தார்.

மூன்றாவது டெஸ்ட் எடுக்கவில்லை. அடுத்த மாதம் 14ஆம் தேதிக்கு ஆபரேஷன்.